கோதையாறு மின்நிலையத்துக்கு மாற்றல்: குடும்பத்தோடு போகலாமா?

அமராவதிக்கரை (கரூர்)

எல்லோருக்கும் வணக்கம். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறேன். இதுவரை கரூரைச் சுற்றியே துணைமின்நிலையங்களில் இருந்துவிட்டேன். இப்போது கோதையாறு நீர்மின்நிலையத்துக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் வீட்டில் எல்லோரும் கடலையும் விவேகானந்தர் பாறையையும்தான் நினைத்தார்கள். மேப்பில் பார்த்தால் சுற்றிலும் காடு, நடுவில் ஆறு, அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மனைவி ஆறு மாத கர்ப்பம். மகளுக்கு நாலு வயது. குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்கிறார்கள். அங்கே குடும்பத்தோடு இருக்க முடியுமா? கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போன் எல்லாம் எப்படி? யானை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மனைவி பயந்துபோயிருக்கிறாள். அந்தப் பக்கம் இருந்தவர்கள், இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சீரோபாயிண்ட் (குலசேகரம்)

தம்பி, என் அப்பா கோதையாற்றில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அந்த குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன்.

முதலில் ஆர்டரில் எந்தக் கோதையாறு என்று பாருங்கள். மேல் கோதையாறு வேறு, கீழ் கோதையாறு வேறு. மேலே அணை இருக்கிறது. அந்தத் தண்ணீர் மலைச்சரிவில் பென்ஸ்டாக் என்கிற பெரிய இரும்புக் குழாய் வழியாக இறங்கி முதல் மின்நிலையத்துக்கு வருகிறது. 60 மெகாவாட், 1970-ல் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து வெளியேறும் தண்ணீரை மறுபடி பிடித்து இன்னொரு முறை இறக்கினால் இரண்டாவது மின்நிலையம், 40 மெகாவாட், 1971. கடைசியில் எல்லாம் பேச்சிப்பாறை அணைக்குள் போய்ச் சேரும். அங்கிருந்து வயலுக்கு. ஒரே தண்ணீர் இரண்டு தடவை கரண்ட் கொடுத்துவிட்டு அப்புறம் நெல்லுக்கும் வாழைக்கும் போகிறது.

கீழ் கோதையாறு என்றால் குலசேகரம், பேச்சிப்பாறை சீரோ பாயிண்ட் வழியாகப் பஸ்ஸில் போகலாம். மேல் கோதையாறு என்றால் கதையே வேறு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த மலைதான். ஆனால் ரோட்டில் போவதென்றால் மாவட்டத்தை விட்டே வெளியே போய், திருநெல்வேலி பக்கம் அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று சுற்றிக்கொண்டு வர வேண்டும். இந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் வாரியம் அந்தக் காலத்தில் சரிவில் தண்டவாளம் போட்டு, கம்பியால் இழுக்கிற விஞ்ச் வண்டி வைத்தது. ஆளும் சாமானும் அதில்தான் ஏறி இறங்கும். எங்கள் சின்ன வயதில் விஞ்ச் ஓடாத நாள் என்றால் மேலே இருக்கிற வீடுகளுக்குக் காய்கறி இல்லாத நாள்.

வேலையைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே வாழ்க்கை முழுக்க ஷிப்டைச் சுற்றித்தான். சாயங்காலம் ஊரெல்லாம் லைட் போடும் நேரம்தான் நீர்மின்நிலையத்துக்கு வேலை நேரம். அனல்மின்நிலையத்தை நினைத்தவுடன் கிளப்ப முடியாது. தண்ணீர் மெஷினை சில நிமிடங்களில் கிளப்பி கிரிட்டில் சேர்த்துவிடலாம். நம் மாவட்டத்திலேயே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை நிறைய. காற்று திடீரென்று விழுந்தால் கரண்டைப் பகிர்ந்து கொடுக்கிற லோடு டெஸ்பாட்ச் மையத்தில் இருந்து இப்படிப்பட்ட நிலையங்களுக்குத்தான் முதலில் போன் வரும். நள்ளிரவாக இருந்தாலும், வெளியே மழை கொட்டினாலும், அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தாக வேண்டும். அப்பா அந்த வேலையைப் பெருமையாகச் செய்தார். அந்தப் பெருமை உங்களுக்கும் வரும்.

வீட்டுச் சாமான்: அரிசி, பருப்பு, எண்ணெய், கருவாடு எல்லாம் குலசேகரம் சந்தையில் மொத்தமாக வாங்கி வைப்போம். கேஸ் சிலிண்டர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) வாழைக்காயும் பக்கத்திலேயே கிடைக்கும்.

விளவங்கோடு77 (மார்த்தாண்டம்)

நான் அரசுப் பணியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மனைவி ஆறு மாதம் என்கிறீர்கள். முதல் வேலையாக ஆர்டரைத் தள்ளிவைக்கச் சொல்லி மனு கொடுங்கள். கர்ப்பிணி மனைவி என்பது நியாயமான காரணம். மலைக்கு அனுப்புவது என்பது பல துறைகளில் தண்டனையாகவே நடக்கிறது. பிடிக்காதவரை அங்கே போடுவார்கள், வேண்டியவர் நாகர்கோவிலிலேயே சர்வீசை முடிப்பார். அதற்கு உங்கள் குடும்பம் ஏன் கஷ்டப்பட வேண்டும்? ஜூன் பிறந்தால் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை. தமிழ்நாட்டில் இரண்டு மழையும் இப்படிச் சேர்ந்து வாங்குகிற மாவட்டம் இது. மலைப்பக்கம் அரை வருஷம் ஈரம்தான். பச்சைக்குழந்தையோடு அங்கே போக வேண்டாம்.

மோதிரமலைக்காரன்

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நான் காணிக்காரன், இந்த மலையின் பழங்குடி, பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற குடியிருப்பில் பிறந்தவன். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் "தண்டனை" என்ற சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஒருவரைத் தண்டிக்க எங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றால் அங்கேயே பிறந்து அங்கேயே சாகிற நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?

இந்த எண்ணத்தால் எங்களுக்கு வந்த கேடு கொஞ்சமில்லை. வாத்தியார் வருவார், வந்த அன்றே மாற்றலுக்கு எழுதிப் போடுவார். வேறு ஊர் கிடைக்கிறவரை லீவு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் ஆட்களில் படித்தவர்கள் குறைவு என்று கீழே சொல்வார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள், எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தங்கியிருந்து சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. அவர்களை எங்கள் பெரியவர்கள் இன்னும் பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள்.

தூரம் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் எங்கள் ஊர்கள் ஒன்றும் பெரிய தூரம் இல்லை. நடுவில் ஆறு கிடக்கிறது, அதுதான் விஷயம். ஆற்றின் குறுக்கே கிடக்கிற தாழ்வான சப்பாத்து, அதாவது தரைப்பாலம், அதுதான் பாதை. மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடித்தாலும், சப்பாத்துக்கு மேல் தண்ணீர் போகும். அப்போது பஸ் நின்றுவிடும். அந்தப் பக்கம் இருப்பவன் அங்கே, இந்தப் பக்கம் இருப்பவன் இங்கே. தண்ணீர் இறங்குகிற வரைக்கும் எதுவும் செய்ய முடியாது. தச்சமலை, தோட்டமலை ஆட்கள் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைப் படகில் கடந்து வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு படகில் வருவதைப் பத்திரிகையில் போட்டோவாகப் போடுவார்கள், அழகாக இருக்கும். காற்றடிக்கிற நாளில் அந்தத் தாய்மார் கரையில் நிற்பதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. கோடையில் அணை வற்றினால் படகு பாதியில் நின்றுவிடும், மீதி தூரம் சேற்றில் நடை.

அந்த அணையையும் சொல்கிறேன். 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள், திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலம். பொறியாளர் மிஞ்சின். அவர் கல்லறையே அணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு வயலெல்லாம் அந்தத் தண்ணீரில் விளைந்தது, நல்லது. எங்கள் நடைபாதைகள் தண்ணீருக்கு அடியில் போயின. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பல இடங்களில் இன்னும் பாலம் வரவில்லை.

கரூர் அண்ணன், நீங்கள் வாருங்கள். இதைச் சுற்றுலாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி சொல்லவில்லை. மெஷினை ஓட்டத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். அவர் மனசோடு இருந்தால் எங்களுக்கும் நல்லது.

சிரட்டைப்பால் (குற்றியாறு)

யானையைப் பற்றி நான் சொல்கிறேன். என் அம்மா அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. நானும் லீவு நாளில் கூடப் போனவள்.

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிய குளிர்ச்சி வேண்டும். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் உறைந்து நின்றுவிடும். அதனால் விடியும் முன்னே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு ஆளுக்கு நூற்றுக்கணக்கான மரம். ஒவ்வொன்றிலும் பட்டையை நூல் பிசகாமல் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும். வெட்டி முடித்துக் கஞ்சி குடித்து உட்கார்ந்தால், மரத்தில் கட்டிய சிரட்டை (கொட்டாங்குச்சி) நிறையக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் வாளியோடு மறுபடி ஒரு சுற்று. பாலைச் சுமந்துகொண்டு எடை போடுகிற இடத்துக்கு நடை. சிரட்டையில் மிஞ்சி உறைந்ததை மறுநாள் ஒட்டுப்பாலாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

யானைக்கும் அதே நேரம்தான் நடமாட்டம். இருட்டில் டார்ச் வெளிச்சம் ஒரு மரம் தூரம்தான் தெரியும். பெண்கள் தனித்தனி பிளாக்கில் நிற்பார்கள். ஒருவர் கூவினால் மற்றவர் கூவ வேண்டும், பதில் வரவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டுத் தேடிப் போவார்கள். எங்கள் பக்கம் யானையால் செத்தவர்கள் உண்டு, அதை மறைத்துப் பேச மாட்டேன். 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மேல் கோதையாற்றுப் பக்கம் கொண்டு விட்டபோது எங்கள் வீடுகளில் தூக்கமே இல்லை. கழுத்தில் ரேடியோ காலர் இருக்கிறது, வனத்துறை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். ஆனாலும் அம்மா வெட்டுக்குப் போன காலைகளில் நான் வாசலில்தான் இருந்தேன்.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: குவார்ட்டர்ஸுக்குள் இருப்பவர்களுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. சில பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். சக்கை (பலா) பழுக்கிற காலத்தில், சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும், பழுத்த சக்கையை வீட்டிலோ திண்ணையிலோ வைக்காதீர்கள். கைதச்சக்கையும் (அன்னாசி) அப்படித்தான். அந்த வாசனைக்கு யானை வெகு தூரத்தில் இருந்து வரும். இருட்டிய பிறகு பைக்கில் தனியாக வராதீர்கள். வழியில் நின்றால் ஹாரன் அடிக்காமல், லைட்டைக் கண்ணில் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்திப் பின்வாங்குங்கள். அது போகும். போகவில்லை என்றால் திரும்பிப் போய்ப் பக்கத்து வீட்டில் தங்குங்கள். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் உங்களுக்குத் தண்ணீர், கரண்ட். எங்களுக்கு வெட்டு இல்லை. மரத்தில் பிளாஸ்டிக் ஒட்டி மழையை மறைப்பார்கள், ஆனால் கொட்டுகிற மழையில் அதுவும் நிற்காது. இலை உதிர்ந்து தளிர்க்கிற காலத்திலும் வெட்டு நின்றுவிடும். அங்கே வந்து எங்கள் ஆட்களோடு பழகும்போது இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் கடனுக்குச் சாமான் கொடுக்கிற கடைக்காரர்தான் எங்கள் ஊரைத் தாங்குகிறார்.

அமராவதிக்கரை (கரூர்)

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. கீழ் கோதையாறுதான், விசாரித்துவிட்டேன். மோதிரமலைத் தம்பி எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிரசவம் பற்றித்தான் இப்போது கவலை. அப்புறம் பாம்பு.

ஓய்வுபெற்ற கிராம செவிலியர் (திருவட்டாறு)

மக்கா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். மலைக் குடியிருப்புகளில் நடந்து போய் வேலை பார்த்தவள்.

பிரசவத்துக்கு முன் குடும்பத்தை அங்கே கொண்டு வராதீர்கள். நீங்கள் மட்டும் போய்ச் சேருங்கள். கர்ப்பத்தில் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே போகும், ஆனால் ரத்தப்போக்கு, வலிப்பு என்று ஒன்று வந்தால் நமக்குக் கிடைக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். 108-க்கு அடித்தாலும் வண்டி மலை ஏறி வர வேண்டும், சப்பாத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது, போனில் சிக்னல் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். அதனால்தான் மலைக் குடியிருப்புப் பெண்களைத் தேதிக்கு முன்னாலேயே கீழே கூட்டிக்கொண்டு வந்து தங்கவைக்கச் சொல்கிறோம். மலைப்பகுதிகளுக்கு அரசே பிரசவ காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறது. வர மாட்டார்கள். ஆட்டை யார் பார்ப்பது, மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. உங்கள் மனைவிக்கு கரூரில் அம்மா வீடு இருக்கிறது என்றால் அங்கேயே பிரசவம் ஆகட்டும். குழந்தைக்கு முதல் சில தடுப்பூசிகள் போட்ட பிறகு வரலாம்.

பாம்பைப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். நம் நாட்டில் தருகிற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும்தான். ரப்பர் தோட்டத்திலும் ஈரக்காட்டிலும் குழிவிரியன் என்று சின்னதாக ஒன்று உண்டு, காய்ந்த இலைக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. அதன் விஷத்துக்கு இந்த மருந்து கேட்காது. கடித்த இடம் வீங்கும், சிலருக்கு ரத்தம் உறையாமல் போகும், சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். "சின்னப் பாம்புதான், ஒன்றும் செய்யாது" என்று வீட்டில் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தப் பாம்பாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறைகிறதா என்று சோதிப்பார்கள், தேவைப்பட்டால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புவார்கள். கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. காலை அசைக்காமல் ஒரு கட்டை வைத்துத் துணியால் லேசாகக் கட்டி, தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடக்கவைக்கக் கூடாது. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தை வீணாக்காதீர்கள்.

ராத்திரி வெளியே இறங்கினால் டார்ச், முட்டு வரைக்கும் ரப்பர் பூட்ஸ். இந்த இரண்டும் இருந்தால் பாதிக் கடி இல்லை.

தூத்தூர்_ஆழ்கடல்

மலைக்காரர்கள் பேச்சில் கடல்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். கோதையாற்றுத் தண்ணீர் பறளியாற்றோடு சேர்ந்து குழித்துறை வழியாக எங்கள் தேங்காப்பட்டணத்தில்தான் கடலில் விழுகிறது, அந்த உறவில் எழுதுகிறேன். போன் பற்றிக் கேட்டீர்கள், யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஆபத்து நேரத்தில் செய்தி போய்ச் சேராத இடம்தான் உண்மையில் தூரமான இடம். இதை எங்கள் ஊர்கள் மாதிரி அனுபவித்தவர்கள் குறைவு.

நீரோடியில் இருந்து இரயுமன்துறை வரைக்கும் எங்கள் ஊர்களில் ஆழ்கடல் தொழில். ஐஸ், டீசல், குடிதண்ணீர், அரிசி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனால் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் இருப்போம். சூரை, சுறா. கரையில் இருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல். படகில் இருக்கிற வயர்லெஸ் பக்கத்துப் படகோடு பேசத்தான் உதவும், அவ்வளவு தூரத்தில் இருந்து கரைக்கு எட்டாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கரையில் இருந்தவர்களுக்கே எச்சரிக்கை தாமதம். பல நாள் முன்னால் கிளம்பிப் போனவர்களுக்குச் சொல்ல வழியே கிடையாது. ஊரில் பெண்கள் ரோட்டிலும் ரயில் பாதையிலும் உட்கார்ந்து, தேடுங்கள் என்று அழுதார்கள். எத்தனையோ பேர் உடல் கூடக் கிடைக்கவில்லை. என் வீட்டிலும் ஒரு இடம் காலி.

அதற்குப் பிறகுதான் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின. எச்சரிக்கை கடலுக்குள் வரும், ஆபத்து என்றால் நாங்களும் பொத்தானை அழுத்தலாம். அதற்காக எத்தனை மனு, எத்தனை போராட்டம். மலையில் இருப்பவர்களும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பாலம் கட்ட வருஷமாகும். செய்தி போகிற வழியைச் சீக்கிரம் அமைக்கலாம்.

சீரோபாயிண்ட் (குலசேகரம்)

தூத்தூர் அண்ணன் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது.

போன் விஷயம் சொல்லாமல் விட்டேன், இப்போது சொல்கிறேன். மின்நிலையங்களுக்கு பி.எல்.சி.சி. என்று ஒரு ஏற்பாடு உண்டு. கரண்ட் போகிற அதே ஹைடென்ஷன் கம்பியில் பேச்சையும் ஏற்றி அனுப்புவார்கள். வெளியே எந்த போனும் வேலை செய்யாத புயல் நாளிலும் அப்பா அதில் பேசியிருக்கிறார். அந்த ஏற்பாடு நிலையத்துக்குள் வேலைக்காக இருப்பது. ஆனால் அவசரம் என்றால் சுற்றியிருந்த தோட்டத் தொழிலாளிகளும் காணிக்காரர்களும் ஓடி வந்தது அங்கேதான். யாருக்கோ பாம்பு கடித்தது, மரம் விழுந்தது என்று வந்தால், ஷிப்டில் இருப்பவர் கீழே தகவல் சொல்லி வண்டி வரவழைப்பார். நீங்களும் அதைச் செய்ய வேண்டி வரும்.

செல்போன் சிக்னல் சில வளைவுகளில் வரும், சிலவற்றில் வராது. சொந்தமாக சாட்டிலைட் போன் வாங்கலாமே என்று சிலர் நினைப்பார்கள், அனுமதி இல்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். அந்த வழி வேண்டாம்.

விளவங்கோடு77 (மார்த்தாண்டம்)

மோதிரமலைத் தம்பியின் பதிலைப் பல தடவை படித்தேன். அவர் வேதனை நியாயமானது. என் நிலையை இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். மலைக்கு ஆள் போகக் கூடாது என்பதல்ல. போகிறவருக்கு இத்தனை வருஷம், அதற்குப் பிறகு கட்டாயம் கீழே இடம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். மலையில் வேலை பார்ப்பதற்கான படிப்பணம் ஒழுங்காக வர வேண்டும். குடும்பம் கீழே இருந்தால் அதற்கும் வீடு வேண்டும். எப்போது இறங்குவோம் என்று தெரியாத நிலைதான் ஆளை வந்த அன்றே மாற்றல் மனு எழுதவைக்கிறது. முடிவு தெரிந்தால் மனசோடு வேலை பார்ப்பார்கள். பிள்ளைகளும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மோதிரமலைக்காரன்

ஐயா, இது சரியான பேச்சு. இதை நானும் ஏற்கிறேன். ஒன்று சேர்க்கிறேன்: எங்கள் பிள்ளைகளில் படித்து வந்தவர்களை அங்கேயே வேலைக்கு எடுங்கள். எங்களுக்கு மாற்றல் வேண்டாம்.

பாலம், ரோடு, டவர் என்று கேட்டால் "காட்டு நிலம், சட்டம் இடம் கொடுக்காது" என்று பதில் வருகிறது. இந்தக் காட்டை வன உயிரினச் சரணாலயம் என்று 2008-ல் அறிவித்த பிறகு இன்னும் அதிகம். காடு வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை, நாங்கள் அதில்தான் இருக்கிறோம். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, குடிதண்ணீர், ரோடு, தொலைத்தொடர்புக் கம்பி போன்றவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் தேவைப்பட்டால், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் இருந்தால், கிராம சபை பரிந்துரையோடு அனுமதி கொடுக்கலாம் என்று இருக்கிறது. வழி சட்டத்திலேயே உள்ளது. கிராம சபையை எங்களுக்குத் தோதான இடத்தில், சப்பாத்தில் தண்ணீர் இல்லாத நாளில் கூட்ட வேண்டும். அதற்குத்தான் அலைகிறோம்.

தூத்தூர் அண்ணன் சொன்ன மாதிரி செய்திக்கு வழியையும் கிராம சபைத் தீர்மானத்தில் சேர்க்கிறோம். நன்றி அண்ணன்.

கிராம்பு (மாறாமலை)

மாறாமலை எஸ்டேட் பக்கத்தில் இருந்து சின்னதாக ஒன்று. எங்களுக்கு மார்கழி, தை பிறந்தால் கிராம்புப் பறிப்பு. மொட்டு விரியும் முன்னே, இளஞ்சிவப்பு ஏறும்போது ஏணி வைத்துக் கையால் பறிக்க வேண்டும், விரிந்தால் விலை போச்சு. பறித்ததை வெயிலில் நாலைந்து நாள் காயவைக்க வேண்டும். மலையில் மஞ்சு (மூடுபனி) இறங்கினால் காயாது. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேர் வந்த பிறகு வாங்க ஆட்கள் மேலே வருகிறார்கள், ஆனால் ஏணியில் நிற்கிறவருக்கு விழுந்தால் தூக்கிப் போக வழி முன்பிருந்த மாதிரியேதான். செவிலியர் அக்கா சொன்ன கட்டை கட்டுகிற முறையை எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

அமராவதிக்கரை (கரூர்)

முடிவு எடுத்துவிட்டோம். நான் மட்டும் முதலில் வந்து சேருகிறேன். மனைவிக்குப் பிரசவம் கரூரில். தை மாதத்துக்குப் பிறகு, வடகிழக்கு மழை ஓய்ந்ததும், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு, எல்லோரும் வருகிறோம். மனைவியே சொன்னாள், "அங்கே இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள், நானும் இருந்துகொள்வேன்" என்று. மகளை அடுத்த ஜூனில் எங்கே சேர்ப்பது என்பதைத்தான் இன்னும் யோசிக்கிறோம்.

விளவங்கோடு ஐயா, எத்தனை வருஷம் என்று எழுத்தில் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். மோதிரமலைத் தம்பி, தூத்தூர் அண்ணன், இரண்டு பேரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

கடைசியாக ஒரு கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது?

சிரட்டைப்பால் (குற்றியாறு)

அட்டை கடித்தால் பிடுங்கி இழுக்காதீர்கள், வாய் உள்ளே நின்று புண்ணாகும். உப்பு அல்லது சுண்ணாம்பு வைத்தால் தானே விழும். அம்மா மூக்குப்பொடியை எண்ணெயில் குழைத்துக் காலில் தடவிக்கொண்டுதான் வெட்டுக்கு இறங்குவார்கள், அதுவும் நல்லது. மழைக்காலத்தில் சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள்.

மகளின் படிப்புக்கு: முதல் இரண்டு வருஷம் அங்கேயே பக்கத்தில் இருக்கிற பள்ளியில் எங்கள் பிள்ளைகளோடு சேருங்கள். பெரிய வகுப்புக்கு குலசேகரம் பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள், கூட அனுப்பலாம். குவார்ட்டர்ஸில் இருந்து இன்னும் ஒரு பிள்ளை அந்த பஸ்ஸில் ஏறினால், சாயங்கால டிரிப்பை நிறுத்தாதீர்கள் என்று கேட்க எங்களுக்கு இன்னும் ஒரு வீடு சேரும். சேருகிற தேதியைச் சொல்லுங்கள், முதல் நாள் சாமானோடு பஸ்ஸில் ஏறாதீர்கள். கீழே இருந்து ரப்பர் பால் எடுக்க வருகிற வண்டி மேலே ஏறும்போது காலியாகத்தான் வரும், டிரைவரிடம் கேட்டு வைக்கிறேன்.